ஆரஞ்சு மணக்கும் திருநீறு

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் போடியிலிருந்து குரங்கணி போகிற ரோட்டில் ஜீப்பை நிறுத்த இடம் கிடைக்காது. மலைக்கு வேலையாள் ஏற்றிப் போகிற ஜீப்பு, மூட்டை இறக்கிவிட்டு வருகிற ஜீப்பு, சுற்றிப் பார்க்க வந்து வழி தவறியவன் கார் எல்லாம் ஒரு தகரக் கொட்டகைக்கு முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். வாசலில் பன்னிரண்டு அடிக்கு ஒரு பிளெக்ஸ். 'ஏலக்காட்டு வனத்தாய் நேரில் அருள்கிறாள்' என்று எழுதியிருக்கும். நடுவில் கையை உயர்த்தி நிற்பது வனத்தாய் அல்ல, லிங்கேஸ்வர சாமி. தாய்க்கென்று கீழே மூலையில் தபால் தலை அளவுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

அந்தத் தபால் தலைதான் முத்துப்பேச்சி. ஒரு வருடம் முன்பு வரை போடியில் பிச்சைமணி முதலாளியின் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள். பழுத்தது, வெடித்தது, பூச்சி அரித்தது என்று காயைப் பார்வையிலேயே பிரிப்பாள், சந்தேகம் வந்தால் மூக்குக்குக் கொண்டுபோவாள். இருபது வருடம் அவளுக்கு யாரும் எழுந்து வழிவிட்டதில்லை. இப்போது அதே பிச்சைமணி முதலாளி, வேட்டியில் மண் ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படாமல் அவள் காலில் விழுகிறார்.

"ஆத்தா, நாளைக்கு ஏலத்துல வெல ஏறுமா, எறங்குமா?"

"ஏறுற நேரத்துல ஏறும், எறங்குற நேரத்துல எறங்கும்" என்று ஆத்தாளுக்குப் பதிலாக லிங்கேஸ்வரன் சொல்லுவார். முதலாளிக்குக் கண் கலங்கிவிடும். எவ்வளவு துல்லியம்!

தேவாரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். யானை இறங்கி வாழையைத் தின்கிறது என்று அழுதார். வரப்பில் கட்டச் சொல்லி ஒரு தாயத்துக் கொடுத்தார்கள். மறுநாள் வந்த யானை வாழையோடு தாயத்தையும் தின்றுவிட்டுப் போனது. மனிதர் திரும்ப வந்து முறையிட்டபோது, "யானைக்கும் அருள் கெடச்சிருச்சு, இனிமே அது சாமி யானை, அதை வையக் கூடாது" என்று லிங்கேஸ்வரன் தீர்ப்புச் சொன்னார். விவசாயி கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

அம்மன் இறங்குவது இப்படித்தான். சாமி உடுக்கை அடிப்பார். அடிக்க அடிக்க முத்துப்பேச்சிக்கு மூச்சு வாங்கும், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல ஆரம்பிக்கும். பிறகு விரல் நுனி. பிறகு வலது கை அவள் சொல் கேட்காது. கட்டை விரல் உள்ளே மடங்கும், மற்ற நான்கும் விறைப்பாக ஒன்றுசேர்ந்து குவியும், மணிக்கட்டு கீழே வளையும். வேறு ஊராக இருந்தால் சுளுக்கு என்று சொல்லித் தைலம் தேய்த்திருப்பார்கள். ஆனால் கொட்டகையில் இருந்தவர்களில் பாதிப் பேர் காலையில் ஆறு மணி ஜீப்பில் மலையேறி, ஏலச்செடியின் அடியில் குந்தி, சரத்திலிருந்து பழுத்த காயை மட்டும் ஒவ்வொன்றாக எடுக்கிறவர்கள். அந்தக் குவிந்த கையை அவர்களுக்குத் தெரியும். அது அவர்கள் கை.

"ஆத்தா காய் எடுக்குறா! பாருங்கடி, ஆத்தா காய் எடுக்குறா!" என்று முதல் வெள்ளிக்கிழமையே ஒருத்தி கத்திவிட்டாள். அன்றோடு முடிந்தது கதை. முத்துப்பேச்சி பிறந்ததிலிருந்து ஒரு செடியிலிருந்து ஒரு காயைக்கூட எடுத்தவள் அல்ல, ஊருக்குள் உட்கார்ந்து பொறுக்குகிறவள். இந்த விவரமெல்லாம் யாருக்கு வேண்டும்?

ஆத்தா காய் எடுக்கிறாள் என்றால் ஆத்தாளுக்குக் காய் வேண்டும் என்று பொருள். முதல் பறிப்பில் ஒரு படி காணிக்கை என்றார் லிங்கேஸ்வரன். கொண்டுவந்து கொட்டினார்கள். பொடிக் காய் கொண்டுவந்த ஒரு கிழவரைத் திருப்பி அனுப்பினார். ஆத்தா எட்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த காயைத் தொட மாட்டாளாம். சல்லடை போட்டுச் சலித்து வாங்குகிற தெய்வத்தை அதற்கு முன் போடி கண்டதில்லை. காணிக்கைக் காய் திங்கட்கிழமை எந்த மூட்டையில் ஏலத்துக்குப் போகிறது என்று கேட்கவும் ஆளில்லை.

காய் எடுத்து முடிந்ததும் சாமி தன் வெண்கலக் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து, முதலில் எல்லோரும் பார்க்கத் தன் நாக்கில் வைத்துக்கொள்வார். அதன் பிறகு முத்துப்பேச்சிக்கு இரண்டு கரண்டி. முன்வரிசைப் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு சிட்டிகை. அந்தத் திருநீறு மணக்கும். சந்தன வாசமோ விபூதி வாசமோ இல்லை, ஆரஞ்சு வாசம். "வனத்தாயோட மூச்சு" என்பார் சாமி. காட்டில் வாழ்கிற தாயின் மூச்சில் மிட்டாய்க் கடை எப்படி மணக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அதன்பின் ஒரு மணி நேரம் உடுக்கை அடித்தால் விரல்கள் ஒவ்வொன்றாக விரியும். ஆத்தா மலையேறிவிடுவாள்.

ஆத்தா எங்கிருந்து வந்தாள் என்று முத்துப்பேச்சிக்கு மட்டும் ஓரளவு தெரியும். மதுரையிலிருந்து வந்தாள்.

போன வருடம் கழுத்தில் ஒரு கட்டி. மதுரையில் ஊசி குத்திப் பார்த்து, தைராய்டில் புற்று என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். "எடுத்தாச்சும்மா, பயப்படாதே" என்றார் டாக்டர். ஆனால் தைராய்டு மாத்திரையை விழுங்கவேண்டும், சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேளை தவறாமல் சப்பவேண்டும், ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். ஏன் என்றும் சொன்னார். அந்த நேரத்தில் அவளுக்கும் புருசன் தவசிக்கும் 'புற்று' என்ற சொல்லுக்குப் பிறகு வேறெதுவும் காதில் விழவில்லை.

வீடு திரும்பினால் ஊர் விலகிப் போனது. பக்கத்து வீட்டுக்காரி சொம்பை வாங்கித் தண்ணீர் குடிக்கவில்லை. கடையில் கூடப் பொறுக்கியவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். கழுத்துத் தழும்பைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போனார்கள். அதுதான் அவளுக்கு அறுவையைவிட வலித்தது.

அந்தச் சமயத்தில்தான் தேவாரத்தில் ஒரு கல்யாணம். மதுரையில் கொடுத்தது வாசமே இல்லாத வெள்ளை மாத்திரை, அந்த டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் பந்தியில் உட்கார்ந்திருக்கையில் சோற்றில் வைத்த கை அப்படியே குவிந்து நின்றுவிட்டது. தவசி பதறிப்போய் டாக்டர் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். எதிரே வந்தவர் லிங்கேஸ்வரன். சீட்டை வாங்கி ஒரே பார்வையில் படித்தார். டாக்டர் கையெழுத்தை ஒரே பார்வையில் படிக்கிற ஆள் முன்பு என்ன சோலி பார்த்திருப்பார் என்று தவசி அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

"நோயா இது? கழுத்துல பாருய்யா, ஆத்தா அட்டிகை பூட்டி விட்டுருக்கா. இந்தச் சுண்ணாம்பு மாத்திரை அவளக் கட்டிப் போடுற கட்டு. இவ வாயில படக் கூடாது. மாசா மாசம் வாங்கி, டப்பாவப் பிரிக்காம எங்கிட்டக் கொண்டா. ஆத்தா காலடியில வச்சு எரிச்சுர்றேன்."

சாப்பிடவே கூடாத மாத்திரையை எதற்கு மாதம் தவறாமல் வாங்க வேண்டும்? இதையும் தவசி கேட்கவில்லை. பெண்டாட்டி செத்துப்போவாளோ என்ற பயத்தில் இருந்தவனுக்கு, அவள் தெய்வம் என்று ஒருவர் சொன்னது தேனாக இருந்தது. பழியை அவன் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. முத்துப்பேச்சிக்கும் பிடித்திருந்தது. தண்ணீர் குடிக்காத பக்கத்து வீட்டுக்காரி இப்போது அவள் கால் கழுவிய தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்கிறாள். நோயாளியாக இருந்தபோது கிடைக்காத மரியாதை தெய்வமானதும் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஆனி மாதத்துக் கடைசி வெள்ளியன்று அந்த ஆசை அடங்கியது. அன்றைக்குக் கை மட்டும் இறுகவில்லை, தொண்டையும் இறுகியது. மூச்சு உள்ளே போகும்போது கீச்சென்று சத்தம் வந்தது. "ஆத்தாளோட சிங்கம் உறுமுது" என்று கூட்டம் குலவை போட்டது. முத்துப்பேச்சிக்குக் கண் இருட்டியது. செத்துக்கொண்டிருக்கிறேன், இவர்கள் கைதட்டுகிறார்கள் என்று நினைத்தாள். அப்போது திருநீற்றுக் கிண்ணத்தோடு குனிந்த லிங்கேஸ்வரனின் முகம் பக்கத்தில் வந்தது. அவர் கை நடுங்கியது. இரண்டு கரண்டிக்குப் பதில் நாலு கரண்டி வாயில் போட்டார். தெய்வத்தைப் பார்த்து யாரும் அப்படி நடுங்க மாட்டார்கள். அது தப்பு செய்து மாட்டிக்கொள்ளப் போகிறவன் நடுக்கம்.

அன்று பிழைத்தாள். திங்கட்கிழமை காலை வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்க்கிற நர்சு அனுப்பிரியா வந்தாள். தவசி ஜீப் ஓட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தான். பட்டையைக் கையில் சுற்றும்போதே கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். உதட்டில் எறும்பு ஊர்கிற கதையைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"அக்கா, கொஞ்சம் இறுக்கிக் காத்தடிக்கிறேன். ஒரு மூணு நிமிசம் பொறுத்துக்க."

புஸ் புஸ்ஸென்று அடித்தாள். இரண்டாவது நிமிடமே முத்துப்பேச்சியின் கட்டை விரல் உள்ளே மடங்கியது. நான்கு விரலும் குவிந்தன. உடுக்கை இல்லை, சூடம் இல்லை, எதிரே கூட்டம் இல்லை.

"ஐயய்யோ, ஆத்தா வந்துட்டா! விழுந்து கும்பிடுத்தா, கும்பிடு!" என்று முத்துப்பேச்சியே கத்தினாள்.

"கும்பிடுறது இருக்கட்டும்" என்று அனுப்பிரியா திருகைத் திறந்தாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. சற்று நேரத்தில் விரல்கள் விரிந்தன. "காத்தடிச்சா வர்றா, காத்தை எறக்குனா போறா. இது என்னக்கா ஆத்தா, சைக்கிள் டியூப்பா?"

முத்துப்பேச்சி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பிரியா நிதானமாகச் சொன்னாள். தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நாலு சுரப்பி இருக்கிறது. உடம்பில் சுண்ணாம்புச் சத்தைக் காவல் காப்பது அதுதான். கழுத்தில் அறுக்கும்போது சில பேருக்கு அது அடிபட்டுப்போகும். சத்து குறைந்தால் விரல் இழுக்கும், இன்னும் குறைந்தால் வலிப்பு வரும், தொண்டை அடைக்கும். உடுக்கைச் சத்தத்தில் மூச்சு வாங்க வாங்க இழுப்பு இன்னும் சீக்கிரம் வரும். அதற்குத்தான் அந்த மாத்திரை.

"மாத்திரைய நிறுத்துனா ஆத்தா வருவா. போட்டா போயிருவா. அவ்வளவுதான்க்கா சங்கதி. வெரசா கெளம்பு, இன்னைக்கே ரத்தம் பாக்கணும்."

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்த டாக்டர் இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு எப்படி நடந்து வந்தாய் என்று திட்டினார். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். தவசி மாதாமாதம் கடையில் வாங்குகிற அதே பெயர் போட்ட புது டப்பா கொடுத்து ஒரு மாத்திரையை அங்கேயே சப்பச் சொன்னார்கள். முத்துப்பேச்சி வாயில் போட்டாள். போட்டவள் அப்படியே நின்றாள்.

ஆரஞ்சு வாசம்.

இருபது வருடம் காயை முகர்ந்து பிரித்த மூக்கு அது, ஏமாறவில்லை. மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வது, பட்டினி போட்டு ஆத்தாளை வரவழைப்பது, அதே மாத்திரையை இடித்துச் சாம்பலில் கலந்து, ஆத்தாளை அனுப்பிவைத்த பெருமையையும் தானே எடுத்துக்கொள்வது. அவள் உயிரை அவளுக்கே கரண்டி கரண்டியாகப் பிச்சை போட்டிருக்கிறான். அவளுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது.

"போலீசுக்குப் போவமாக்கா?" என்றாள் அனுப்பிரியா.

"போவோம். அதுக்கு முன்னாடி ஊருக்குத் தெரியணும். நீயும் நானும் சொன்னா எவன் நம்புவான்? எம் புருசனே நம்ப மாட்டான், இந்த டப்பாவையும் தூக்கிக் குடுத்துருவான். அவங்களுக்குத் தெரிஞ்ச பாசையில சொல்லணும்."

போடியில் எல்லோருக்கும் தெரிந்த பாசை ஒன்று உண்டு, வெளியில் யாரும் பேசமாட்டார்கள். வெளிறிப்போன காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுகிற பாசை. பிச்சைமணி முதலாளி கடையின் பின்கட்டில் அந்த வேலை நடப்பது முத்துப்பேச்சிக்கு நன்றாகத் தெரியும். காய்ந்த சாயப்பொடி பார்வைக்கு மங்கலாக இருக்கும். ஈரம் பட்டால்தான் அதன் வேலை தெரியும்.

"வயித்துக்குக் கெடுதல் பண்ணாத சாயமா இருக்கணும்க்கா."

"மொதலாளி ஏத்துறதும் லட்டுக் கடையில போடுற பச்சைப் பவுடருதான். பயப்படாத."

வியாழக்கிழமை தவசி சாமியிடம் கொடுக்க வாங்கி வைத்திருந்த டப்பாவை அவன் குளிக்கப் போன நேரத்தில் பிரித்தாள். ஒரு கரண்டி பவுடரைப் போட்டு நன்றாகக் குலுக்கினாள். மூடியை ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள். ஆஸ்பத்திரி டப்பா அரிசிப் பானைக்குள் இருந்தது. அதிலிருந்து அவள் வேளை தவறாமல் சப்பிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை. வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். சிங்கம் உறுமிய செய்தி மூணாறு வரைக்கும் போயிருந்தது. லிங்கேஸ்வரன் புதுப் பட்டு கட்டிக்கொண்டு உடுக்கையை எடுத்தார்.

அடித்தார். முத்துப்பேச்சி மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். கை கையாகவே இருந்தது. இன்னும் ஓங்கி அடித்தார். பக்கத்தில் மேளக்காரனையும் சேர்த்துக்கொண்டார். அரை மணி நேரம் ஆனது. கைக்குழந்தைகள் அழுதன. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். ஒரு மணி நேரம் ஆனபோது சாமியின் நெற்றியில் இருந்த குங்குமம் வியர்வையில் மூக்கு வரை இறங்கியிருந்தது. முத்துப்பேச்சி கொண்டையைச் சரிசெய்தாள், ஐந்து விரலாலும் தாராளமாக.

"ஆத்தா கோவமா இருக்கா! யாரோ தீட்டோட வந்திருக்கீக!" என்றார் சாமி. கூட்டத்தில் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். சந்தேகப்படவே தெரியாதவர்கள் என்று இனி அவர்களைச் சொல்ல முடியாது.

கோபத்தைத் தணிக்கப் பிரசாதம் என்று கிண்ணத்தை எடுத்தார். வழக்கப்படி முதல் சிட்டிகை தன் நாக்கில். பிறகு பிச்சைமணி முதலாளிக்கும் முன்வரிசைக்கும் தாராளமாக. கடைசியில் முத்துப்பேச்சியிடம் வந்தார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆத்தா, வாயைத் தெற" என்று சொல்ல அவர்தான் வாயைத் திறந்தார். முன்வரிசையில் ஒருத்தி வீறிட்டாள்.

சாமியின் நாக்கு வெற்றிலைக் கொடிப் பச்சையாக இருந்தது. பல்லும் பச்சை. வீறிட்டவளின் வாயும் பச்சை. எல்லோரும் அடுத்தவர் வாயைப் பார்க்க, வரிசை முழுவதும் பச்சை நாக்குகள் வெளியே வந்தன.

சரி, பித்தலாட்டம் உடைந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நம் சனத்தை நீங்கள் அறியவில்லை.

"பச்சையம்மா!" என்று எவனோ கத்தினான். "வனத்தாய் பச்சையம்மனா வந்துட்டா!" கொட்டகை அதிரக் குலவை. லிங்கேஸ்வரனுக்குப் பச்சை எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் வந்ததை விடுகிற ஆள் இல்லை. பச்சை வாயைத் திறந்து, "ஆமாய்யா! இன்னைலருந்து இவ பச்சையம்மன்! காணிக்கை ரெண்டு படி!" என்று முழங்கினார்.

ஒரே ஒருவர் மட்டும் குலவை போடவில்லை. பிச்சைமணி முதலாளி. பழக்கதோஷத்தில் வெள்ளைத் துண்டை எடுத்து நாக்கைத் துடைத்துப் பார்த்தவர், துண்டில் ஒட்டிய பச்சையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பச்சையை அவர் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

முத்துப்பேச்சி எழுந்தாள். ஆத்தா எழுந்தால் கூட்டம் அடங்கும். அந்த மரியாதையைக் கடைசியாக ஒரு தடவை பயன்படுத்திக்கொண்டாள்.

"அது பச்சையம்மன் இல்ல, பச்சைச் சாயம். நாந்தான் ஏத்துனேன். வியாழக்கிழமை எம் புருசன் சாமிகிட்டக் குடுத்த டப்பாவுல, மாத்திரை மேல தூவிக் குலுக்கி வச்சேன். எரிச்சுட்டேன்னு சொன்ன மாத்திரை ஒங்க நாக்குல எப்படி வந்துச்சு? அவரையே கேளுங்க."

அவள் மடியிலிருந்து ஆஸ்பத்திரி டப்பாவை எடுத்து, தவசியின் கையில் ஒரு மாத்திரையை வைத்தாள்.

"சப்பிப் பாருங்க."

தவசி சப்பினான். ஆரஞ்சு. அவன் கண் நிறைந்துவிட்டது. "நானே உன்னையக் கொல்லக் குடுத்துட்டேனே, பேச்சி" என்று அழுதான். பிறகு யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் சாமியின் பின்னால் தொங்கிய பட்டுத் திரையைப் பிடித்து இழுத்தான். பின்னால் எட்டு மில்லிமீட்டர் காய் மூட்டைகள். அவற்றின் மேல் ஒரு சிறிய உரல், உலக்கை. சுற்றிலும் காலி டப்பாக்கள், எல்லாவற்றிலும் முத்துப்பேச்சியின் பெயர்.

"ஆத்தா சோதிக்கிறா..." என்று லிங்கேஸ்வரன் ஆரம்பித்தார். பச்சைப் பல்லோடு அதைச் சொல்வது எளிதாக இல்லை. பின்வாசலில் அனுப்பிரியா போலீசோடு நின்றாள். லிங்கேஸ்வரன் பதினாலு வருடம் கம்பம் ஊரில் மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்த ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. எந்த மாத்திரையை நிறுத்தினால் என்ன இழுக்கும் என்று அவருக்கு அத்துபடி.

கூட்டம் கலைய மனமில்லாமல் நின்றது. சில பேருக்கு ஏமாந்ததைவிட வெள்ளிக்கிழமைக்கு இனி எங்கே போவது என்பது பெரிய கவலையாக இருந்தது. பிச்சைமணி முதலாளி மெல்ல முத்துப்பேச்சியிடம் வந்தார். துண்டைப் பின்னால் மறைத்திருந்தார்.

"அதெல்லாம் சரித்தா. நடந்தது நடந்துபோச்சு. இருந்தாலும் உன் வாயில ஒரு வாக்கு... நாளைக்கு ஏலத்துல வெல ஏறுமா?"

முத்துப்பேச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தழும்பு தெரிய முந்தானையைக் கழுத்திலிருந்து விலக்கிக்கொண்டாள். இனி அதை மறைக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

"மொதலாளி, அடுத்தவன் காய வாங்குறப்ப ஈரத்துணியில தேச்சு, சாயம் ஒட்டுதான்னு பாத்துட்டுத்தான மூட்டையத் தொடுவீக? இத்தன மாசம் ஒருநா, ஒரே ஒருநா, அந்தத் துணிய இந்தாளு மேல தேச்சுப் பாத்தீகளா? ஒத்தக் காய்க்குப் பாக்குற பரீட்சைய என் உசுருக்கு ஒருத்தரும் பாக்கலயே! போங்க, போயி அந்தத் துண்டை நல்லா அலசி வைங்க. அடுத்த சாமி எப்படியும் வருவான். அவன் கால்ல விழுறதுக்கு முன்னாடி தேச்சுப் பாருங்க."